எந்த அலைக்கு எந்தப் பலகை?

உங்கள் பூகோளப் படப் புத்தகத்தில் பசிபிக் பெருங்கடல் உள்ள பக்கத்தைத் திறந்து வையுங்கள். அந்த நீலப் பரப்பின் நடுவே, கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே, மிளகு தூவினாற்போலச் சில புள்ளிகள் தெரியும். அவைதாம் ஹவாய்த் தீவுகள். அவற்றுள் ஒன்றின் பெயர் ஓவாஹு. அதன் தென்கரையில் ஹோனலூலு நகரம் இருக்கிறது. அந்நகரின் வைக்கீக்கி கடற்கரைக்குச் சென்றால், உங்கள் வயதுப் பிள்ளைகள் நீண்ட பலகைகளின் மீது நின்றுகொண்டு அலையோடு அலையாகக் கரையை நோக்கி வழுக்கி வருவதைக் காணலாம். இந்த விளையாட்டுக்கு அலைச்சறுக்கு என்று பெயர்.

இனி அதே தீவின் வடகரைக்குப் போவோம். சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். குளிர்காலத்தில் அங்குள்ள வைமியா விரிகுடாவிலும் பைப்லைன் என்ற இடத்திலும் மாடி வீட்டை விட உயரமான அலைகள் எழுந்து இடிபோல முழங்கி விழும். பல்லாண்டு பயின்றவர்களே அங்குக் கடலில் இறங்குவார்கள். மற்றவர்கள் மணலில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

தீவு ஒன்று, அதைச் சூழ்ந்த கடலும் ஒன்று. ஆயினும் ஒரு கரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மறு கரையில் வீரர்களும் தயங்குகிறார்கள். இஃது ஏன்?

இன்னொரு விந்தையையும் கவனியுங்கள். வைக்கீக்கியில் முதல்நாள் பயில வருபவருக்கு ஆளை விட உயரமான, ஏறத்தாழ 3 மீட்டர் நீளப் பலகையைக் கொடுக்கிறார்கள். பைப்லைனில் இறங்கும் வல்லுநரோ 2 மீட்டருக்கும் குறைந்த சிறு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார். சைக்கிள் பழகும்போது முதலில் சிறியது, பிறகு பெரியது என்பதுதானே நமது வழக்கம்? இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறதே!

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண, நீங்கள் பள்ளியில் படிக்கும் பௌதிகமே போதும். வாருங்கள், பார்ப்போம்.

அலைகள் எங்கே பிறக்கின்றன?

கடற்கரையில் நின்று பார்க்கும்போது, அலைகள் அங்கேயே உண்டாவது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. பெரும்பாலான பெரிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், ஏதோ ஒரு புயலின் காற்றினால் பிறந்தவை. காற்று எவ்வளவு வலிதாக வீசுகிறது, எத்தனை மணிநேரம் வீசுகிறது, எவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பின் மீது வீசுகிறது ஆகிய மூன்றையும் பொறுத்து அலையின் பருமன் அமைகிறது.

இதை அழகாக மெய்ப்பித்துக் காட்டியவர் வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர். இவர் 1917இல் வியன்னாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணிபுரிந்து, 2019இல் மறைந்தார். 1963ஆம் ஆண்டில் இவரும் இவருடைய குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் கடலின் குறுக்கே வரிசையாக அளவு நிலையங்களை அமைத்தார்கள். ஹவாயும் அவற்றுள் ஒன்று. அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் புயல்கள் எழுப்பிய அலைகள் ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, 10,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அலாஸ்காக் கரையை அடைந்ததை அவர்கள் தொடர்ந்து அளந்து காட்டினார்கள்.

அவ்வளவு தூரம் தண்ணீரே ஓடி வருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. குளத்தில் மிதக்கும் ஒரு தக்கையைக் கவனியுங்கள். சிற்றலை கடக்கும்போது தக்கை மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாக ஒரு சிறு வட்டமிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும். நீர்த் துகள்களும் அப்படியே வட்டமிடுகின்றன. பயணம் செய்வது நீர் அன்று. ஆற்றலே பயணம் செய்கிறது.

ஓர் அலைமுகடு கடந்த பிறகு அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரத்தை அலைவு நேரம் என்கிறோம். அலைச்சறுக்கு வீரர்கள் அலையின் உயரத்தை விசாரிப்பதோடு நிற்பதில்லை. ‘அலைவு நேரம் எத்தனை விநாடி?’ என்றும் தவறாமல் கேட்பார்கள். காரணம் உண்டு. ஆழ்கடலில் அலைவு நேரத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அலைவு நேரத்தையே 1.56ஆல் பெருக்கினால் அலையின் வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்.

8 விநாடி அலையை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். 16 விநாடி அலையின் நீளமோ 400 மீட்டர்; வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். உயரம் ஒன்றாகவே இருந்தாலும், 16 விநாடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் 8 விநாடி அலை கொண்டுவருவதைப் போல் இரு மடங்கு. உயரம் கூடினாலோ கேட்கவே வேண்டாம். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். 1 மீட்டர் அலையை விட 2 மீட்டர் அலைக்கு 4 மடங்கும், 4 மீட்டர் அலைக்கு 16 மடங்கும் ஆற்றல் உண்டு. ‘நேற்றை விட இன்று கொஞ்சம்தான் பெரிய அலை’ என்று நினைத்து இறங்குபவர்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

ஒரே தீவு, இரண்டு கரைகள்

இப்போது ஓவாஹுவின் புதிர் பாதி அவிழ்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட பசிபிக்கில் கடும் புயல்கள் வீசுகின்றன. 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புயல் எழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் தனி முகடு ஓடும் வேகத்தில் பாதி வேகத்திலேயே அலைக்கூட்டம் முன்னேறுகிறது. கூட்டத்தின் முன்னால் செல்லும் அலை தேய்ந்து மறைய, பின்னால் புதிய அலை எழுவதே இதற்குக் காரணம். எனவே 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 45 கிலோமீட்டர் வீதம் நகர்ந்து, ஏறத்தாழ மூன்று நாளில் வடகரையை வந்தடையும். அதிகத் தேய்மானம் இல்லாமல், முழு வலிமையோடு வரும்.

தென்கரைக்கு இந்த அலைகள் நேராக வந்து சேர முடியாது. தீவே குறுக்கே நின்று மறைத்துவிடுகிறது. தென்கரைக்கு அலை வருவது நமது கோடை மாதங்களையும் அவற்றை அடுத்த மாதங்களையும் ஒட்டித்தான். அப்போது தென்கோளத்தில் குளிர்காலம். அங்கே எழும் அலைகள் பூமத்திய ரேகையைத் தாண்டி வருவதற்குள், குளத்து வட்டம் விரிவதுபோலப் பரந்து விரிந்து உயரம் குறைந்துவிடுகின்றன.

புதிரின் மறுபாதி கடலின் அடித்தரையில் இருக்கிறது.

அலை ஏன் உடைகிறது?

அலையின் வட்ட அசைவு மேற்பரப்பில் மிகுதி. கீழே போகப் போகக் குறையும். அலைநீளத்தில் பாதியளவு ஆழத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. கரையை நெருங்கி ஆழம் இந்த அளவுக்குக் கீழே இறங்கும்போது, அலை தரையை ‘உணர’ ஆரம்பிக்கிறது. அதன் வேகம் குறைகிறது. 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் வரும் அலை, இரண்டரை மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும்.

முன்னால் போகும் அலை வேகம் குறைய, பின்னால் வருவது நெருங்கி வருகிறது. நீளம் சுருங்கிய அலை உயரத்தில் வளர்கிறது. ஆழம், அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறைந்ததும் முகடு நிலைகுலைந்து முன்னால் விழுகிறது. இதுவே அலை உடைதல். 1 மீட்டர் அலை உடையும் இடத்தில் ஆழம் சுமார் 1.3 மீட்டர்தான் இருக்கும் என்று கரையிலிருந்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

அலை எப்படி உடையும் என்பதைத் தரையின் சரிவு முடிவு செய்கிறது. தரை மெல்ல மெல்ல உயர்ந்தால் முகட்டிலிருந்து நுரை வழிந்து, பால் பொங்கி வழிவதுபோல அலை மெதுவாக உடையும். இதை வழியும் அலை எனலாம். ஆழத்திலிருந்து தரை திடீரென்று உயர்ந்தால் அலையின் அடி தடுக்கப்பட, முகடு மட்டும் வேகத்தோடு முன்னால் பாய்ந்து கவிழும். அப்போது அலையின் உட்புறம் ஒரு குழாயைப் போலக் கூடாகிவிடும். இது கவிழும் அலை. பைப்லைன் என்ற பெயரே குழாயைக் குறிப்பதுதான். அங்கே ஆழ்கடலிலிருந்து வரும் அலை திடீரென்று ஆழங்குறைந்த பாறைத்திட்டின் மீது மோதுகிறது. விழுபவருக்குக் கீழே மணல் மெத்தை இல்லை. கூரிய பாறைதான் இருக்கிறது. வைக்கீக்கியிலோ பரந்த, சரிவு குறைந்த திட்டின் மீது அலை நெடுந்தூரம் வழிந்து வழிந்து உடைகிறது.

மூவகைக் கரைகள்

உலகெங்கும் உள்ள அலைச்சறுக்கு இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மணற்கரை. அலை மணல்மேட்டின் மீது உடையும். விழுந்தால் அடி குறைவு. ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் மணல் இடம் மாறுவதால், நேற்று அலை உடைந்த இடம் அடுத்த மாதம் இராது.

இரண்டாவது, பாறைக்கரை அல்லது பவளப்பாறைக்கரை. தரை மாறுவதில்லை. ஆகவே அலையும் ஒரே இடத்தில், ஒரே விதமாக உடையும். ஆனால் விழுந்தால் காயம் உறுதி.

மூன்றாவது, முனைக்கரை. கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனையைச் சுற்றி அலை வளைந்து வரும். கண்ணாடி வில்லைக்குள் ஒளி வளைவதுபோல, ஆழங்குறைந்த பக்கத்தில் வேகம் குறைவதால் அலை அந்தப் பக்கம் திரும்புகிறது. முனையில் ஆற்றல் குவியும். உள்ளே விரிகுடாவில் பரவித் தணியும். இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்கு அருகே உள்ள அறுகம் குடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மே முதல் அக்டோபர் வரை உலகெங்கிலுமிருந்து வீரர்கள் அங்கு வருகிறார்கள். முனையில் தேர்ந்தவர்கள் சறுக்க, குடாவின் உட்பகுதியில் தணிந்து வரும் அலைகளில் புதியவர்கள் பயில்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டு வகுப்புகள்!

ஒரு விரிகுடாவின் வரைபடத்தைப் பார்த்தே, ‘பழகுபவர் இங்கே, தேர்ந்தவர் அங்கே’ என்று இனி உங்களாலும் விரல் வைத்துக் காட்ட முடியும் அல்லவா?

பலகையின் கதை

ஹவாய் மக்கள் இவ்விளையாட்டை ‘ஹெஎ நாலு’ என்று அழைத்தார்கள். அலையில் வழுக்குதல் என்பது அதன் பொருள். கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி 1779இல் இதைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்தில் ‘அலையா’ எனப்பட்ட மெல்லிய பலகையை எல்லோரும் பயன்படுத்தினார்கள். ‘ஓலோ’ என்பது தலைவர்களுக்கு உரியது. அது 5 மீட்டர் வரை நீளமும் 60 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் உள்ளதாக இருக்கும். அத்தகைய பழம்பலகைகளை ஹோனலூலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

நம் மீனவர்களும் மரங்களைக் கட்டி அலையை வென்றவர்கள்தாம். நமது கட்டுமரம் என்ற சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் ‘கேட்டமரன்’ பிறந்தது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்ததும், அந்த இடைவெளியில் மரத்தைத் தள்ளிச் செல்லும் அவர்களது கணிப்பும், அலைச்சறுக்கு வீரரின் கணிப்பும் ஒன்றே.

பழைய பலகைகளுக்கு ஒரு குறை இருந்தது. அடிப்புறம் வழவழப்பாக இருந்ததால் அவை பக்கவாட்டில் வழுக்கும். காலை நீரில் தோய்த்து இழுத்துத்தான் திருப்ப வேண்டும். 1935இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் பலகையின் அடியில், பின்பக்கம் ஒரு சிறு துடுப்பைப் பொருத்தினார். மீனின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக வைத்தது போன்றது அது. உடனே பலகை சொன்னபடி கேட்டது. 1950களின் இறுதியில் மரத்துக்குப் பதில் பாலியூரித்தேன் நுரையும், அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினும் வந்தன. எடை வெகுவாகக் குறைந்தது. 1981இல் ஆஸ்திரேலிய வீரர் சைமன் ஆண்டர்சன், மூன்று துடுப்புகள் கொண்ட தமது பலகையால் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் வென்றார். இன்று பெரும்பாலான சிறு பலகைகளில் அந்த அமைப்பையே காண்கிறோம்.

மிதப்பதும் வழுக்குவதும்

இப்போது நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பழகுபவருக்கு ஏன் பெரிய பலகை?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிலோகிராம். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவர், 6 கிலோ பலகை. மொத்தம் 56 கிலோ. இதைத் தாங்க ஏறக்குறைய 55 லிட்டர் நீர் விலக்கப்பட வேண்டும். பழகுபவரின் 2.4 மீட்டர் பலகையின் கன அளவு சுமார் 75 லிட்டர். எனவே அசையாமல் நின்றாலும் அது அவரை மிதக்க வைக்கும்.

வல்லுநரின் 1.8 மீட்டர் பலகையின் கன அளவோ சுமார் 28 லிட்டர்தான். முழுவதும் மூழ்கினாலும் 29 கிலோவுக்கு மேல் தாங்காது. 70 கிலோ எடையுள்ள வீரர் அதன்மீது உட்கார்ந்தால் மார்பளவு நீரில் மூழ்கிவிடுவார். அப்படியானால் அலையில் அவரைத் தூக்கி நிறுத்துவது எது?

குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் தத்தித் தத்திச் செல்ல விட்டிருக்கிறீர்களா? ஓட்டாஞ்சில் மிதக்கும் பொருள் அன்று. ஆனால் வேகம் இருக்கும் வரை மூழ்குவதில்லை. அது நீரைக் கீழே தள்ள, நீர் அதை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! ஓடும் பலகையையும் இந்த விசையே தாங்குகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே வேகமான, செங்குத்தான அலையில் சிறு பலகை போதும். மெதுவான, சாய்வு குறைந்த அலையில் அது மூழ்கிவிடும். பழகுபவர் இறங்கவேண்டியதோ மெதுவான அலை. எனவே அவருக்குப் பெரிய பலகையே உற்ற துணை.

அகலம் மற்றொரு காரணம். குறுகிய ஓடம் எளிதில் கவிழும். அகன்ற தெப்பம் கவிழாது. நீண்ட, அகன்ற பலகையில் எழுந்து நிற்கும்போது கால் சற்று இடம் மாறினாலும் பலகை பொறுத்துக்கொள்ளும்.

அப்படியானால் வல்லுநர் ஏன் அதை விட்டுவிட்டார்? திருப்புவதற்காகத்தான். ஒரு பொருளைச் சுழற்றுவதற்கு உள்ள தடையை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். நீண்ட பொருளுக்கு அது எடையையும், நீளத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 7 கிலோ எடையும் 2.75 மீட்டர் நீளமும் உள்ள பலகையைத் திருப்புவது, 3 கிலோ எடையும் 1.83 மீட்டர் நீளமும் உள்ள பலகையைத் திருப்புவதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் கடினம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கவிழும் அலையின் குழாய்க்குள் நுழைந்து, அது மூடுமுன் வெளியேறவேண்டியவருக்கு நீண்ட பலகை உதவாது. அதன் மூக்கு நீரில் குத்திக்கொள்ளும்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. வைமியாவின் மாபெரும் அலைகளுக்கு வல்லுநர்களும் 3 மீட்டர் அளவுள்ள, குறுகிய, கூர்மூக்குப் பலகையையே எடுத்துச் செல்கிறார்கள். அந்த அலைகள் மிக வேகமாக ஓடுவதால், கைகளால் துழாவி அந்த வேகத்தை எட்ட நீளம் தேவைப்படுகிறது. பலகையைத் தேர்ந்தெடுப்பது ஆளின் திறமையைப் பார்த்து மட்டுமன்று. அலையையும் பார்த்துத்தான் என்பது இதனால் விளங்கும்.

மூன்று படிகள்

முதற்படியில் இருப்பவருக்கு இடுப்பளவு நீர், மணல் தரை, ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் அரை மீட்டர் அலை, மென்மையான மேற்பரப்பு உள்ள 2.4 முதல் 2.7 மீட்டர் நீளப் பலகை ஆகியவை ஏற்றவை. பயிற்றுநர் அருகில் இருக்கவேண்டும்.

இரண்டாம் படியில், உடையாத அலையின் சாய்ந்த முகத்தில் குறுக்காகச் செல்லப் பழகுவார்கள். 1 மீட்டர் அளவுள்ள வழியும் அலையும், 2.1 முதல் 2.4 மீட்டர் பலகையும் இதற்குப் பொருந்தும்.

மூன்றாம் படியில்தான் சிறு பலகையும் பாறைக்கரையும் வருகின்றன. ஆசையினால் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் கற்பதற்குப் பதில் காயம் படுகிறார்கள்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவானது கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு. 1970களில் பரவிய இக்கயிறு, விழுந்தவரை விட்டுப் பலகை ஓடிவிடாமல் தடுக்கிறது. நடுக்கடலில் அந்தப் பலகையே உயிர்காக்கும் மிதவை அல்லவா? அது மிதவையாகவும் பயன்படும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் டியூக் கஹானமோகு. ஹவாயில் பிறந்த இவர், 1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். 1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் நியூபோர்ட் கரைக்கு அருகே ‘தெல்மா’ என்ற மீன்பிடி படகு பேரலையில் கவிழ்ந்தது. 17 பேர் இறந்தார்கள். உயிர்பிழைத்த 12 பேரில் 8 பேரைத் தமது அலைச்சறுக்குப் பலகையில் ஏற்றி மீட்டவர் டியூக்.

அமைதியாகத் தெரியும் இடம்

இனி நான் சொல்லப்போவதை, அலைச்சறுக்குப் பலகையைக் கண்ணால் பாராதவர்களும் மறக்கக்கூடாது.

அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிச் செல்ல வழி தேடும். மணல்மேட்டில் ஒரு பள்ளம் இருந்தால், அதன் வழியே ஓர் ஆறுபோலக் கடலை நோக்கிப் பாயும். இதை இழுப்பு நீரோட்டம் என்கிறோம். சில வேளைகளில் இதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான்!

பள்ளத்தில் ஆழம் அதிகம். ஆழம் அதிகமானால் அலை உடையாது என்று முன்பே பார்த்தோம். ஆகவே இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாகத் தெரியும். விவரம் அறியாதவர், ‘இங்கே அலையே இல்லை, குளிக்க நல்ல இடம்’ என்று அதில்தான் இறங்குவார். அலைச்சறுக்கு வீரரோ அதை அடையாளம் கண்டு, கடலுக்குள் செல்லும் பாதையாகப் பயன்படுத்துவார். ஒரே காட்சி, ஒருவருக்கு ஆபத்து, மற்றவருக்கு வாகனம்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? கரையை நோக்கி நீந்திப் போராடக்கூடாது. அதனால் களைப்புத்தான் மிஞ்சும். இந்த நீரோட்டம் ஆளை வெளியே இழுக்குமே தவிரக் கீழே அமிழ்த்தாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்பவேண்டும். கரையில் நிற்பவர்கள் குதிக்காமல், கயிறு, காலி பிளாஸ்டிக் குடம் போல மிதக்கும் எதையாவது வீசவேண்டும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவரை அலை இழுத்துச் சென்று உயிர் பறித்தது. அப்பகுதியில் புயல் ஏதும் வீசவில்லை. தெற்கே வெகு தொலைவில் பிறந்து, நெடும்பயணம் செய்து வந்த நீண்ட அலைகளே காரணம். கேரள மீனவர்கள் இதைக் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். கள்வனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். மங்க் அளந்த அலைகளின் உறவுதான் இதுவும். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை வெளியிடுகிறது. அன்றும் எச்சரிக்கை இருந்தது. கடற்கரைக்குப் புறப்படுமுன் அதை ஒருமுறை பார்க்கும் வழக்கம் நம் ஒவ்வொரு வீட்டிலும் வரவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை 1: நீண்ட தட்டு ஒன்றின் ஒரு முனையில் மணலைச் சரிவாகப் பரப்பி, நீர் ஊற்றுங்கள். மறுமுனையில் அடிக்கோலை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். சரிவைக் குறைத்தும் கூட்டியும், அலை உடையும் விதம் மாறுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை 2: ஒரே கனமுள்ள தெர்மோக்கோலில் பெரிதும் சிறிதுமாக இரு பலகைகள் வெட்டி நீரில் மிதக்கவிடுங்கள். நடுவில் ஒவ்வொன்றாக நாணயங்களை அடுக்குங்கள். எது முதலில் கவிழ்கிறது?

சோதனை 3: பெரியவர்களுடன் கடற்கரைக்குச் செல்லும்போது, நீர் எட்டாத மணலில் அமர்ந்து, தொலைவில் மிதக்கும் ஒரு படகையோ மிதவையையோ பாருங்கள். அது முகட்டில் ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்து, அதன் பிறகு 10 முறை ஏறும் வரை ஆகும் நேரத்தை அளந்து 10ஆல் வகுங்கள். 90 விநாடி ஆனால் அலைவு நேரம் 9 விநாடி. 9இன் வர்க்கம் 81. அதை 1.56ஆல் பெருக்கினால், ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 126 மீட்டர். வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

வைமியா விரிகுடாவில் எடி ஐகாவ் என்ற வீரர் இருந்தார். தீவின் பேரலைகளில் சறுக்கிப் புகழ்பெற்ற இவர், 1968 முதல் அக்கரையின் உயிர்காப்பாளராகவும் பணியாற்றிப் பல நூறு பேரைக் காப்பாற்றினார். 1978 மார்ச்சில் இவர் சென்ற ஹோகுலேயா என்ற பாய்மரப் படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. உதவி தேடித் தம் பலகையில் ஏறிச் சென்ற எடி திரும்பவில்லை. படகில் இருந்த மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் நினைவாக வைமியாவில் ஒரு போட்டி ஏற்படுத்தப்பட்டது. அலை போதிய உயரம் எழாத ஆண்டுகளில் அது நடப்பதே இல்லை. 2023 ஜனவரியில் அதில் வென்றவர், அன்று அதே கரையில் பணியில் இருந்த உயிர்காப்பாளர் ஒருவர். போட்டியில் தம் முறை வந்தபோது சறுக்கிவிட்டு, மீண்டும் காவல் பணிக்குத் திரும்பினார்.

நம் மாமல்லபுரத்திலும் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. கோவளம், மாமல்லபுரம் கரைகளில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இவ்விளையாட்டில் தேர்ந்து வருகிறார்கள். அடுத்த முறை அங்கே செல்லும்போது, யார் எந்தப் பலகையை எடுத்து வருகிறார், எந்த இடத்தில் இறங்குகிறார் என்று சற்று நின்று கவனியுங்கள். அப்படியே, நுரை இல்லாமல் கருத்துத் தெரியும் அந்த அமைதியான பட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, உடன் வந்தவர்களுக்கும் காட்டுங்கள்.